முன்வாசல் சாவி

1

நேற்று ஐந்தாம் தேதி. காலையில் எழுந்ததுமே வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருஷமாக எந்த மாதமானாலும் ஐந்தாம் தேதி எனக்கு அப்படித்தான். அன்றைக்குத்தான் வீட்டுக் கடனுக்கான தவணையை வங்கி எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். காப்பியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது, கடன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது, இனிமேல் எடுக்க ஒன்றுமில்லை என்று. எனக்குத் தெரிகிறது, வயிற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

காரைக்காலில் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். தருமபுரத்தில் ஆரோக்கியம் கிராணி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். நான் அவருடைய மகள் பிலோமின். குரும்பகரத்து சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு, அவருக்கு பிரெஞ்சு பிரஜை என்ற காகிதம் இருந்ததால், இங்கே வந்து சேர்ந்தேன். பாரிசுக்கு வடக்கே ரயிலில் அரைமணி நேரம். அவருக்குத் தபால் பிரிக்கிற கூடத்தில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். ஒரே மகள், மதலேன்.

லீவில் வருகிற பிரான்சுக்காரர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவதைப் பார்த்து, இங்கே பணம் கொடியில் காய்க்கிறது என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எங்களை ஒன்பது வருஷம் ஊர்ப்பக்கமே காணோமே, தலைக்கனம் ஏறிவிட்டது என்றும் சிலர் பேசிக்கொண்டார்களாம். தலைக்கனம் இல்லை ஐயா, தலைக்கு மேல் கடன். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2

முதலில் தருமபுரத்து வீட்டைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது என் அத்தையின் கல்யாணத்துக்காக அப்பா காசிம் மரைக்காயரிடம் பணம் வாங்கினார். மரைக்காயர் கப்பல் சரக்கு எடுத்து விற்கிறவர். வட்டி வாங்குவது அவருடைய மார்க்கத்தில் ஆகாது. அதனால் ஒத்தி. வட்டிக்குப் பதிலாக வீட்டின் முன்பாதி அவருடைய உபயோகத்துக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு வீடு நமக்கு. எங்கள் முன் அறையில் அவர் துணி மூட்டைகளை அடுக்கினார். முன்வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்கள் பின்கட்டில் இருந்துகொண்டு, பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலில் போய்வந்தோம்.

மரைக்காயர் தங்கமான மனிதர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அந்தச் சந்து எனக்குப் பிடிக்கவே இல்லை. மழைக்காலத்தில் கணுக்கால் வரைக்கும் சேறு. பள்ளிக்கூடம் விட்டுத் தோழிகளோடு வருவேன், அவரவர் வீட்டு முன்வாசலில் அவரவர் ஏறிப்போவார்கள். நான் மட்டும் எங்கள் வாசலைத் தாண்டி நடந்து, யாரும் பார்க்காத சமயம் பார்த்துச் சந்துக்குள் நுழைவேன். ஆறு வருஷம்!

பணம் சேர்ந்த அன்று அப்பா தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் வைத்து, நடுவில் பணக்கட்டை வைத்து எடுத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் மூலப்பத்திரத்தை மீட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். எந்த மதத்துக்காரரானாலும் இதுதான் வழக்கம். நானும் கூடப் போனேன். மரைக்காயர் பணத்தை எடுத்துக்கொண்டு, அதே தாம்பாளத்தில் பத்திரத்தை வைத்தார். பத்திரத்தின் மேல் சாவியை வைத்தார். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்.

"அல்லா பரக்கத்துப் பண்ணட்டும், கிராணி. புள்ளய முன்வாசல் வழியா அழைச்சிக்கிட்டுப் போங்க" என்றார்.

அந்தச் சாவியை நான்தான் திருப்பினேன். கடன் தீர்வது என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

3

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இங்கே வீடு வாங்கினோம். சின்னத் தோட்டத்தோடு பழைய வீடு. பதினைந்து வருஷக் கடன். வங்கி கொடுத்த அட்டவணையில் கடைசிப் பக்கத்து மொத்தத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தா பிலோமி, நாம ஒரு வீடு வாங்குறோம். ரெண்டு வீட்டுக்குப் பணம் கட்டுறோம்."

"என்னாங்க பண்றது?"

"சீக்கிரம் கட்டிரணும். அறுப்பு முடிஞ்ச கையோட கடன அடைக்கிற குடும்பம் எங்களது. பதினஞ்சு வருஷமெல்லாம் என்னால சுமந்துக்கிட்டுத் திரிய முடியாது."

கூடுதல் பணம் கட்டுவதற்கு அனுமதி கேட்டு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வங்கிக்குக் கடிதம் எழுதினார். "என் அன்பிற்கினிய வங்கிக்கு" என்று ஆரம்பித்து, "உன் நினைவாகவே இருக்கும் சவரிமுத்து" என்று முடித்திருந்தார். எட்டு வயது மதலேன் அதை வாசித்துவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள். அவள் திருத்திக் கொடுத்த பிறகுதான் அனுப்பினோம். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு எழுத்து வேலை பார்க்கிற கிராணி அவள்தான்.

பதில் வந்தது. சின்னச் சின்னத் தொகையாக வாங்க மாட்டார்களாம். கடனில் பத்தில் ஒரு பங்காவது சேர்த்துக்கொண்டு வந்தால்தான் வாங்குவார்கள். அதற்கும் மேலே ஒரு அபராதம் உண்டு.

"கடன வாங்கிட்டு ஓடுறவனுக்கு அபராதம் போடு, நியாயம். கட்ட வர்றவனுக்கு எதுக்குடா அபராதம்?" என்று அவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கத்தினார். கடிதம் பதில் பேசவில்லை. அபராதம் போக எவ்வளவு மிஞ்சும் என்று மகளை விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் லாபம்தான்.

ஆகவே சேர்த்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனார். நான் சமையலறை முடிந்து இரண்டு ஆபீசுகளைக் கூட்டித் துடைத்தேன். இறைச்சி வாரத்துக்கு ஒரு நாள். உடுப்பெல்லாம் மாதாகோயில் மதாம்கள் போடும் பழைய துணி விற்பனையில். ஊருக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். மூன்று டிக்கெட் காசு இருந்தால் கடனில் எவ்வளவு குறையும்!

இன்னொன்றும் செய்தோம். வீட்டுக்கு முன்பக்கம் தெருவைப் பார்த்து நல்ல வெளிச்சமான அறை. அதையும் முன்வாசலையும் சேர்த்து, நம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு தம்பிகளுக்கு வாடகைக்கு விட்டோம். நாங்கள் கார் நிறுத்துகிற கொட்டகை வழியாக அடுப்படிக்குள் வந்துபோனோம். எங்களிடம் கார் இல்லை, கொட்டகை இருந்தது. மதலேனுக்கு அடுப்படியை ஒட்டிய இடைவழியில் ஒரு கட்டில் போட்டு, திரை கட்டிக் கொடுத்தோம்.

4

குழந்தை ஒரேயடியாக விலகிப் போய்விடுவதில்லை. நாளுக்குக் கொஞ்சமாகப் போகிறது, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

பதினோரு வயதில், வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வாரம் பனிமலைக்குப் போனார்கள். பணம் கட்ட வேண்டும். "கடன் முடியட்டும்டா கண்ணு" என்றேன். அந்த இரண்டு வாரமும் அவளை வேறு வகுப்பில், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்றாள், கடன் முடியட்டும். பியானோ, கடன் முடியட்டும். பிறகு அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை, புரிந்துகொண்டுவிட்டாள் என்று நான் பக்கத்து வீட்டு மதாமிடம் பெருமையாகச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினான்கு வயதில் தமிழ் பேசுவது குறைந்தது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். தோழி ஒருத்தியையும் வீட்டுக்குக் கூட்டிவந்ததில்லை. மாலையில் தெருமுனையில் தோழிகளிடம் விடைபெற்றுக்கொண்டு, அவர்கள் போன பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்புவாள். அடுப்படி ஜன்னலிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கடைசித் தொகையைக் கட்டுவதற்குச் சில மாதம் முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அக்டோபரில் நான் லியோனுக்குப் படிக்கப் போகிறேன். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இனி அங்கேயே இருந்துகொள்வேன்."

"லீவுக்கு வருவல்ல?" என்றார் அவர்.

"எங்கே? இடைவழிக்கா?"

அவர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இத்தனையும்? யாருக்காக என் முழங்கால் தேய்ந்தது? அந்தக் கேள்விகளை வாய்விட்டும் கேட்டேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். கடன் தீருகிற நேரத்தில் மகள் கையைவிட்டுப் போகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

5

பதினைந்து வருஷக் கடனை ஒன்பதில் முடித்தோம். கடைசித் தொகை போய்ச் சேர்ந்த மறுவாரம் வங்கிக்குப் புறப்பட்டோம். நான் கல்யாணப் பட்டுச் சேலை கட்டினேன். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டார். பாரிசுக்குப் போய் வாங்கிவந்த வெற்றிலை (விலையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்), தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் தாம்பாளத்தில். பேச்சு வேண்டுமே என்று மதலேனையும் அழைத்தோம். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"பேருந்தில் இதையா தூக்கிக்கொண்டு வரப்போகிறீர்கள்?"

"பத்திரத்த வெறுங்கையோட போயா வாங்குறது?" என்றார் அவர். மூன்று இருக்கை தள்ளி, எங்களைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தேங்காயைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், மறுபடி தேங்காயைப் பார்த்தாள். மதலேன் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"பத்திரமா? எங்களிடம் உங்கள் பத்திரம் எதுவும் இல்லையே. அதன் மூலம் கிரயத்தைப் பதிந்த நொத்தேரிடம் இருக்கிறது, எப்போதும் அவரிடம்தான் இருக்கும். அடமானப் பதிவு கொஞ்ச காலத்தில் தானாகவே காலாவதியாகிவிடும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்."

மதலேன் தமிழில் சொன்னாள். அவருக்குப் புரிந்தது, ஆனால் ஏறவில்லை.

"அப்ப அவங்க நமக்கு என்ன தருவாங்கன்னு கேளு."

கேட்டாள்.

"ஒன்றுமில்லை. கடன் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்தவர் வரலாம்."

என் வீட்டுக்காரர் நகரவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்து, வாங்கிக்கொள்ள ஆளில்லாத வாழைப்பழத்தோடு நிற்கிற மனிதரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "போகலாங்க" என்று அவர் கையைத் தொட்டேன்.

அப்போது மதலேன் தலையை நிமிர்த்தினாள். இந்த முறை நாங்கள் சொல்லி அவள் பேசவில்லை.

"மதாம், தவணை ஒரு நாள் தாமதமானால் எங்களுக்குக் கடிதம் அனுப்பினீர்கள். முன்னால் கட்டினால் அபராதம் என்று கடிதம் அனுப்பினீர்கள். ஒவ்வொன்றையும் நான்தான் வாசித்தேன், நான்தான் பதில் எழுதினேன். கடன் தீர்ந்தது என்று எழுதுவதற்கு மட்டும் தாள் இல்லையா? என் வகுப்பு பனிமலைக்குப் போனபோது நான் போகவில்லை. அந்தப் பணம் இங்கேதான் வந்தது. எனக்கு ரசீது வேண்டும்."

குரல் பெரிதாக இருந்தது. உள்ளேயிருந்து மானேஜரே வந்துவிட்டார். அவர் கேட்டுக்கொண்டார், எங்கள் மூவரையும் பார்த்தார், உள்ளே போய்த் தட்டச்சில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு வந்தார். இன்னாருடைய வீட்டுக் கடன் முழுவதும், குறித்த காலத்துக்கு ஆறு வருஷம் முன்பாகவே தீர்ந்தது என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சீல்?" என்றார். மானேஜர் ஒரு முத்திரை குத்தினார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் குத்தினார். கடிதத்தைத் தாம்பாளத்தில் வைக்கும்படி மதலேன்தான் சொல்லிக்கொடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மதலேன் எங்களோடு உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தானாகவே தமிழில் கேட்டாள்.

"இந்தத் தட்டு எதுக்கும்மா? ஏன் இவ்வளவு அவசரமா கட்டினீங்க?"

நான் அவளுக்கு மரைக்காயரைப் பற்றிச் சொன்னேன். துணி மூட்டை, பூட்டின வாசல், சேறு, சந்து எல்லாம் சொன்னேன். யாரும் பார்க்காத சமயம் பார்த்து நுழைந்ததையும் சொன்னேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு எதற்கு நம் பழைய தரித்திரம் என்று விட்டிருந்தேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அம்மா, உனக்கு ஆறு வருஷம். எனக்கு ஒம்பது."

"என்னது?"

"நானும் பின்வாசல்லதானே வந்தேன்?"

முன்வாசலுக்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டேன். அந்த வாசலை என் கையாலேயே பூட்டி, என் மகளைக் கொட்டகை வழியாக விட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட அது எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அழுதேன். மதலேன் என் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

6

ஜூலையில் மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தவள், அந்தக் கடிதத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டு தானாகவே கிளம்பினாள். நாங்கள் வந்து இறங்கியது சனிக்கிழமை. திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் பெட்டியும் நாங்களுமாக நசுங்கி, வேர்த்துக் கொட்டி வந்து சேர்ந்தோம். தருமபுரத்து வீட்டில் முன்வாசல் விரியத் திறந்திருந்தது. அப்பா பகலில் அதைச் சாத்துவதே இல்லை.

கடிதத்தை மதலேன் அவர் கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு பிரெஞ்சு மறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீசில் வாசிக்கிற குரலில் முழுவதும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கான். முத்திரையும் ரெண்டு. எம் பொட்டியில எம் பத்திரத்தோட வச்சுக்கட்டுமா?"

"இல்ல தாத்தா, இது என்னோடது" என்றாள் மதலேன். "நான்தான் கேட்டு வாங்கினேன்."

அப்பா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். வங்கியிலிருந்து திரும்பும்போது மதலேன் கேட்டதை நான் அவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"நீ சந்துல ஒளிஞ்சு நிக்கிறத ஆபீசுலேருந்து வர்றப்ப நான் பாத்துருக்கேன், புள்ள. சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும், கடன் தீந்தா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சிக்குவேன். ஒருநா ஒன்னக் கூப்புட்டு வச்சுச் சொல்லியிருக்கலாம். சொல்லல. மனசுல வச்சுக்காத."

எழுபது தாண்டிய மனிதர், மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவருக்கு ஆயிரம் சமாதானம் சொன்னேன். பிறகு அதே அறையில், அப்பாவின் முன்னால், என் மகளிடம் நானும் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். பிரான்சில் வளர்கிற பிள்ளைகள் எதற்கும் தோளைத்தான் குலுக்கும். ஆனால் அந்த ஒரு மாதமும் அவள் அந்த முன் அறையில்தான் பாய் போட்டுப் படுத்தாள். தெருவில் போகிற எல்லாரும் அவளை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஓட்டைத் தமிழில் எல்லாருக்கும் பதில் சொன்னாள்.

7

திரும்பி வந்ததும் வாடகைக்கு இருந்த தம்பிகளிடம் சொன்னோம். அவர்களும் நல்ல பிள்ளைகள், ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். முன் அறைக்கு என் வீட்டுக்காரர் வெள்ளை அடித்தார். மதலேனுடைய கட்டிலை, மேஜையை, புத்தகங்களை அங்கே கொண்டுபோய் வைத்தோம். இடைவழித் திரையை நான் கழற்றித் தரை துடைக்கிற துணியாக்கினேன்.

"நான்தான் லியோனுக்குப் போறேனே, எதுக்கு?" என்றாள்.

"போ. யாரு வேணான்னா?" என்றார் அவர்.

அவள் கிளம்புகிற அன்று தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கற்கண்டு, நடுவில் முன்வாசல் சாவி. வெற்றிலை வாங்கவில்லை, விலை அப்படி. மதலேன் "அப்பா, நீங்களும் உங்க தட்டும்" என்று சிரித்தாள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கற்கண்டையும் எடுத்துக்கொண்டாள். எப்போது வருவாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது. கடிதம் ஒன்று வந்தது, அதிலும் அதைப் பற்றி இல்லை.

நேற்று ஐந்தாம் தேதி, சனிக்கிழமையும்கூட. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகத் தெருமுனையில் மூன்று பெண்கள் வருவது தெரிந்தது. நடுவில் எங்கள் வீட்டுப் பெண். முனையில் அவர்களிடம் விடைபெற்றுக்கொள்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நிற்கவில்லை. மூன்று பேரும் பேசிக்கொண்டே நேராக நடந்து வந்தார்கள்.

கொட்டகைக் கதவைத் திறக்கப் பழக்க தோஷத்தில் ஓடினேன். பாதி வழியில், வீட்டுக்கு முன்பக்கமிருந்து பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.